மாத்திரைக்கு முட்டி எங்கே இருக்கிறதென்று தெரியுமா?



புதுச்சேரியில் பாகூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டு ஆயாவுக்கு முட்டி வலி. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். டாக்டர் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, சீட்டில் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆயா ஒரு மாத்திரை போட்டார். சாயங்காலம், “இப்பத் தேவலாம்டி” என்று எழுந்து நடந்தார்.

பேத்தி விடவில்லை. “ஏன் ஆயா, மாத்திரை வயித்துக்குள்ளதான போச்சு? முட்டிக்கு எப்படிப் போச்சு? வழி யார் சொன்னது?”

பலே! இப்படிக் கேட்கிற பிள்ளையைத்தான் இதை எழுதுகிற மாமாவுக்குப் பிடிக்கும். பெரியவர்கள் பல பேருக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. விழுங்குகிறார்கள், வலி குறைகிறது, வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

விடை என்ன தெரியுமா? மாத்திரைக்கு வழியே தெரியாது. முட்டி என்று ஒன்று இருப்பதுகூட அதற்குத் தெரியாது.

மாத்திரை குடலில் கரைகிறது. அங்கிருந்து ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் அதுவும் போகிறது. முட்டிக்குப் போகிறது. மூக்கு நுனிக்குப் போகிறது. இதயத்துக்கு, ஈரலுக்கு, சிறுநீரகத்துக்கு, வயிற்றின் உள்சுவருக்கு, எல்லா இடத்துக்கும் போகிறது. வலிக்கிற இடம் ஒன்றுதான். மருந்து போகிற இடமோ உடம்பு முழுவதும்.

இந்த ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மாமா இனி சொல்லப் போகிற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

சரி, அந்த மாத்திரையின் பெயர் என்ன? ஆயாவின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் டைக்ளோஃபெனாக் என்று இருக்கும். அசிக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின், மெஃபெனாமிக் அமிலம் எல்லாம் இதன் உறவுக்காரர்கள். வலியைக் குறைப்பதோடு வீக்கத்தையும் வற்ற வைப்பவை. காய்ச்சலுக்குத் தருகிறார்களே பாராசிட்டமால், அது இந்தக் குடும்பம் இல்லை. அதற்கு வீக்கத்தைக் குறைக்கும் சக்தி அவ்வளவாகக் கிடையாது. ரெண்டும் மாத்திரை, ரெண்டும் வெள்ளை என்பதால் ஒன்றாகிவிடாது.

இப்போது முட்டிக்குள் போய்ப் பார்ப்போம், வாருங்கள்.

அடிபட்டாலோ, தேய்ந்தாலோ, கிருமி நுழைந்தாலோ அந்த இடத்துச் செல்கள் ஒரு ரசாயனத்தைச் செய்கின்றன. அதன் பெயர் புரோஸ்டாகிளாண்டின். வாய்க்குள் நுழையவில்லையா? இன்னொரு தடவை மெதுவாக: புரோஸ்-டா-கிளாண்-டின். அது வந்ததும் அங்கே ரத்தக் குழாய்கள் விரிகின்றன. கூடுதல் ரத்தம் வருகிறது. இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது. நரம்பு முனைகள் கூர்மையாகிவிடுகின்றன. லேசாகத் தொட்டாலே ‘ஐயோ’ என்கிறோம்.

உங்கள் பள்ளிக்கூட மணியை நினைத்துக்கொள்ளுங்கள். மணியை அடிப்பவர் பியூன் அண்ணன். உடம்புக்குள் அந்தப் பியூன் அண்ணன்தான் புரோஸ்டாகிளாண்டின். மணிச் சத்தம்தான் வலி. மாத்திரை என்ன செய்கிறது? முட்டித் தேய்மானத்தைச் சரிசெய்கிறதா? இல்லை. பியூன் அண்ணனை வேலைக்கு வரவிடாமல் செய்கிறது. மணி அடிக்கவில்லை. ஆயாவுக்கு வலி தெரியவில்லை.

ஆனால் பியூன் அண்ணனுக்கு மணியடிப்பது மட்டும்தானா வேலை? காலையில் கேட்டைத் திறப்பது யார்? மோட்டார் போட்டுத் தண்ணீர்த் தொட்டியை நிரப்புவது யார்? அவர் வராத அன்று மணிச் சத்தம் இருக்காது, உண்மைதான். குழாயில் தண்ணீரும் இருக்காது.

புரிந்துவிட்டதா? சிரிக்கிறீர்கள், அப்படியென்றால் புரிந்துவிட்டது!

மாத்திரை பியூன் அண்ணனைத் தடுக்கிறது என்று கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. ஆஸ்பிரின் 1899-இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. உலகமே அதை விழுங்கிக்கொண்டிருந்தது. அது எப்படி வேலை செய்கிறதென்று யாருக்கும் தெரியாது. 1971-இல்தான் லண்டனில் ஜான் வேன் என்ற விஞ்ஞானி, ஆஸ்பிரினும் அதன் கூட்டாளிகளும் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கின்றன என்று காட்டினார். உடம்பில் அதைச் செய்து தருகிற நொதியின் பெயர் சைக்ளோஆக்சிஜினேஸ். சுருக்கமாகக் காக்ஸ். இந்த மாத்திரைகள் அந்த நொதியின் கையைக் கட்டிப் போடுகின்றன. ஜான் வேனுக்கு 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது, வேறு இரண்டு விஞ்ஞானிகளோடு சேர்த்து. எழுபது வருஷத்துக்கும் மேலாக ஊரே சாப்பிட்ட மாத்திரையைப் பற்றி ஒருவர் ‘எப்படி?’ என்று கேட்டதற்குக் கிடைத்த பரிசு அது.

பியூன் அண்ணன் வயிற்றில் என்ன வேலை பார்க்கிறார் என்று பார்ப்போமா?

நம் இரைப்பைக்குள் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது. எலுமிச்சைச் சாற்றை விடவும் கடுமையானது. கறித்துண்டையே கரைக்கும். அப்படியானால் இரைப்பையும் சதைதானே, அது ஏன் கரைவதில்லை? யோசியுங்கள்.

இரைப்பையின் உள்சுவர் மேல் வழவழப்பாக ஒரு சளிப்படலம் பூசியிருக்கிறது. அதுதான் காப்பு. அந்தப் படலத்தை அன்றாடம் புதுப்பிக்கச் சொல்வது புரோஸ்டாகிளாண்டின். மாத்திரை அதை நிறுத்தினால் படலம் மெலிகிறது. அமிலம் சுவரைத் தொடுகிறது. புண் வருகிறது. சில பேருக்குப் புண்ணிலிருந்து ரத்தம் கசிகிறது. அப்படிக் கசிந்தால் மலம் தார் போலக் கறுப்பாகப் போகும். அதைக் கண்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அதனால்தான் “சாப்பிட்டபின்” என்று டாக்டர் எழுதுகிறார். விடியற்காலையில் கழனிக்குப் போகிற அவசரத்தில் ஒரு டீயைக் குடித்து, அதோடு வலி மாத்திரையையும் முழுங்குகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெறும் வயிற்றில் டீ சாப்பாடாகாது.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. டைக்ளோஃபெனாக் மாத்திரையில் பல வகைகளுக்கு மேலே ஒரு பூச்சு உண்டு. இரைப்பையில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரைவதற்காகப் பூசியது. அதை உடைத்து, பொடித்துக் கொடுக்கக் கூடாது. “அப்படியென்றால் வயிற்றில் படாதே, புண்ணும் வராதே?” என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. ஆனாலும் வரலாம். ஏனென்றால் மாத்திரை ரத்தத்தில் கலந்து, ரத்தம் வழியாகத் திரும்ப இரைப்பைச் சுவருக்கு வந்துசேர்கிறதே! ஊசியாகப் போட்டாலும் இதே கதைதான். “ஊசி போட்டுக்கிட்டா வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது” என்று திண்ணையில் யாராவது சொன்னால் இனி உங்களுக்குப் பதில் தெரியும்.

அப்போ மேலே தடவுகிற களிம்பு? அதிலும் டைக்ளோஃபெனாக் வருகிறது. தோல் வழியாக ரத்தத்துக்குப் போவது மிகக் கொஞ்சம்தான். அதனால் முட்டிவலிக்காரர்கள் சில பேருக்கு டாக்டர்கள் முதலில் களிம்பைத்தான் சொல்கிறார்கள். ஆனால் களிம்பும் மருந்துதான். தைலம் போல வேளாவேளைக்கு அப்பிக்கொள்வதற்கில்லை.

இன்னொன்று. சில பேருக்கு டாக்டர் வலி மாத்திரையோடு இன்னொரு மாத்திரையும் எழுதுவார். சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டியது. வீட்டில் அதற்குப் பெயர் ‘கேஸ் மாத்திரை’. “எனக்குத்தான் கேஸே இல்லியே” என்று ஆயா அதை ஒதுக்கி வைத்துவிடுவார். அது கேஸுக்கு இல்லை, அமிலத்தைக் குறைத்து இரைப்பைச் சுவரைக் காப்பதற்கு என்று ஆயாவுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். செய்வீர்கள்தானே?

இனி சிறுநீரகம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நம் ஊருக்கு இதுதான் முக்கியம்.

உங்கள் கையை மூடிக் குத்து விடுவது போல வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் அந்த மூடிய கை அளவுதான் ஒரு சிறுநீரகம். முதுகுப் பக்கம், விலா எலும்புக்குக் கீழே இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. 180 லிட்டர்! அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியே போகிறது. மீதியெல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

இவ்வளவு வடிகட்ட நிறைய ரத்தம் வர வேண்டும். இதயம் அனுப்புகிற ரத்தத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகத்துக்கே போகிறது.

இப்போது சித்திரை வெயிலில் சொர்ணவாரிப் பட்டத்து நடவு நடக்கிறது என்று வையுங்கள். குனிந்தபடி மணிக்கணக்கில் நாற்று நடுகிறார்கள். வேர்வை கொட்டுகிறது. குடத்துத் தண்ணீர் வரப்பின் அந்தக் கோடியில் இருக்கிறது. நடுவில் ஒதுங்க மறைவிடம் இல்லையே என்று பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். உடம்பில் நீர் குறைகிறது. உடனே உடம்பு ஒரு சிக்கனம் செய்கிறது. ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் முதலில் ரத்தத்தை அனுப்புகிறது.

சிறுநீரகத்தின் நிலைமை? அங்கேதான் நம் பியூன் அண்ணன் ஓடி வருகிறார். சிறுநீரகத்துக்குள் நுழைகிற குட்டிக் குழாய்களை அவர் திறந்து பிடித்துக்கொள்கிறார். அதனால் நெருக்கடியிலும் அங்கே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து இடுப்பு வலிக்கு ஒரு வலி மாத்திரை போட்டால்?

நீங்களே சொல்லுங்கள்.

ஆமாம். பியூன் அண்ணன் வரமாட்டார். குழாய் சுருங்கும். வடிகட்டிக்கு ரத்தம் குறையும். ஒரு நாள் நடந்தால், தண்ணீர் குடித்து, மாத்திரையை நிறுத்தினால் ஆரோக்கியமான சிறுநீரகம் பெரும்பாலும் மீண்டுவிடும். வருஷக்கணக்கில், வாரத்துக்குப் பல நாள் இப்படியே நடந்தால்? அல்லது ஏற்கெனவே சர்க்கரையாலும் ரத்தக் கொதிப்பாலும் களைத்துப்போன சிறுநீரகமாக இருந்தால்? அது தாங்காது. இதில் மோசமான விஷயம், சிறுநீரகம் கெடும்போது வலிக்காது. பாதிக்கு மேல் பழுதாகும் வரை வெளியே ஒன்றுமே தெரியாமல் போகலாம்.

மாமா இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன்? கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறதல்லவா? நம் வில்லியனூர் கொம்யூனில் இராமநாதபுரத்தில்கூட அதற்கு ஒரு கிராமப்புற சுகாதார மையம் உண்டு. ஜிப்மரின் சிறுநீரக மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். புதுச்சேரியிலிருந்தும் அக்கம்பக்கத்துத் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்தும் வருகிற சிறுநீரக நோயாளிகளில் பல பேருக்குச் சர்க்கரையும் இல்லை, நோய்க்குக் காரணமாகச் சொல்லும்படி ரத்தக் கொதிப்பும் இல்லை. ஆனாலும் சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது. இப்படிப்பட்டவர்களில் நிறையப் பேர் வெயிலில் உழவு வேலை பார்ப்பவர்கள். 2020-இல் அவர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதற்குத் ‘தொண்டைமண்டல நெஃப்ரோபதி’ என்று பெயர் வைத்தார்கள். நெஃப்ரோபதி என்றால் சிறுநீரக நோய். நம் பகுதியின் பழைய பெயரில் ஒரு நோய்! பெருமைப்பட முடியாத பெருமை.

இலங்கையில் அநுராதபுரம் பக்கத்து நெல் விவசாயிகளிடமும், ஆந்திராவில் உத்தானம் பகுதியிலும், கடல் கடந்து எல் சால்வடார், நிகரகுவா கரும்புத் தொழிலாளர்களிடமும் இதே மாதிரி நோய் உண்டு. காரணம் என்ன என்று இன்னும் ஆராய்கிறார்கள். வெயில், நீர்க் குறைவு, குடிநீர், பூச்சிமருந்து என்று பல பேர் மேல் சந்தேகம் இருக்கிறது. வலி மாத்திரைதான் குற்றவாளி என்று யாரும் நிரூபிக்கவில்லை. விஞ்ஞானத்தில் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. அதை மறக்கக் கூடாது. ஆனால் வெயிலில் காய்ந்த சிறுநீரகத்துக்கு வலி மாத்திரை கூடுதல் சுமை என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். எல் சால்வடாரில் கரும்பு வெட்டுகிறவர்களுக்குத் தண்ணீர், நிழல், இடையிடையே ஓய்வு இந்த மூன்றையும் ஏற்பாடு செய்து பார்த்தார்கள். நம் கரும்புக் கொல்லைகளுக்கும் அது பொருந்தும் என்றுதான் மாமாவுக்குத் தோன்றுகிறது. இடுப்பு வலிக்கு மருந்து தேடும்முன் குடத்தை வரப்போரம் கொண்டுவந்து வைக்கலாமே!

களைத்துவிட்டீர்களா? ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். சிறுநீரகத்துக்கும் நல்லது. அடுத்து ஒரு பறவைக் கதை.

பாறு என்ற பெரிய கழுகை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தமாக வைக்கும் பறவை. 1990-களில் இந்தியாவில் பாறுகள் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்தன. வெண்முதுகுப் பாறு என்ற இனத்தில் 1992-இல் ஆயிரம் இருந்த இடத்தில் 2007-இல் ஒன்றுதான் மிஞ்சியது. ஆயிரத்துக்கு ஒன்று! கிருமியா, பூச்சிமருந்தா என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 2004-இல் லிண்ட்சே ஓக்ஸ் என்பவரும் அவர் குழுவினரும் பாகிஸ்தானில் ஆராய்ந்து விடை கண்டார்கள்.

டைக்ளோஃபெனாக்!

ஆயா போடுகிற அதே மருந்து. மாட்டுக்கு வலியும் வீக்கமும் வந்தால் அதை ஊசியாகப் போட்டிருக்கிறார்கள். அந்த மாடு செத்ததும் பாறு தின்றது. இறைச்சியில் மிஞ்சியிருந்த மருந்து அதன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் உடம்புக்குள்ளேயே வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. ஓரிரு நாளில் பறவை செத்தது.

மாட்டைப் பிழைக்க வைக்கப் போட்ட மருந்து பாறுவைக் கொன்றது. மருந்து ஒன்றுதான், உடம்புதான் வேறு.

இந்தியா 2006-இல் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. அப்படியும் சிலர் மனிதருக்கான பெரிய ஊசிக் குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015-இல் ஒரு குப்பியில் 3 மில்லிலிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. இதில் ஒரு வேடிக்கை, மாட்டுக்கு மாற்றாகப் பாதுகாப்பானது என்று கண்டுபிடித்த மெலாக்சிகாமும் இதே குடும்பத்து மருந்துதான்! அது பாறுவை ஒன்றும் செய்வதில்லை. நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் பாறுகள் வட்டமிடுகின்றன. வாய்ப்புக் கிடைத்தால் பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, மனிதர்களுக்குள்ளேயும் உடம்புக்கு உடம்பு வித்தியாசம் உண்டா? உண்டு. அதனால்தான் இந்த மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டும். அட்டையின் பின்பக்கம் பாருங்கள். செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். ‘ஆர்எக்ஸ்’ என்ற குறியும் இருக்கும். பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஆனால் நடைமுறை என்ன? மெடிக்கலில் போய், “கை கால் வலிக்கு ரெண்டு வேளைக்கு ஒரு செட் குடுங்க” என்றால் சின்னக் காகித உறையில் நாலு நிற மாத்திரைகளைப் போட்டுத் தந்துவிடுகிறார்கள். உறையில் பெயர் இல்லை. கத்தரித்த துண்டில் கோடும் இல்லை. மாமாவுக்கு இந்தச் செட் வியாபாரத்தைக் கண்டாலே எரிச்சல் வரும். என்ன விழுங்கினோம் என்று ஆஸ்பத்திரியில் கேட்டால், “ஒரு ரோஸ் மாத்திரை, ஒரு வெள்ளை மாத்திரை” என்றுதானே சொல்ல முடியும்?

டாக்டர் சீட்டு எழுதும்முன் என்னென்ன கேட்கிறார், கவனித்திருக்கிறீர்களா? சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் மாத்திரை போடுகிறீர்களா, வயிற்றில் புண் உண்டா, ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்பார். பெண்களிடம் கர்ப்பமா என்றும் கேட்பார். இது ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு இந்த மாத்திரையால் மூச்சு இறுகிவிடும். பிரஷருக்குத் தரும் சில மாத்திரைகளும், கால் வீக்கத்துக்குத் தரும் நீர் மாத்திரையும் ஓடிக்கொண்டிருக்கும்போது இதுவும் சேர்ந்தால், மூன்றும் ஒரே நேரத்தில் சிறுநீரகத்தை நெருக்கும். கர்ப்பத்தின் பின்பாதி மாதங்களில் தாய் போடுகிற மாத்திரை உள்ளே இருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தையே பாதிக்கலாம். பக்கத்து வீட்டு அத்தைக்குக் கேட்ட மாத்திரை நம் ஆயாவுக்கும் கேட்கும் என்று வாங்கி வருவது ஏன் சரியில்லை என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

மூஞ்சியோ காலோ திடீரென்று வீங்கினால், சிறுநீர் வழக்கத்தை விட ரொம்பக் குறைந்தால், உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பினால், மூச்சு முட்டினால் அடுத்த மாத்திரையைப் போடக் கூடாது. டாக்டரிடம் போக வேண்டும். ராத்திரியில் என்றால் 108-க்குப் போன் செய்யுங்கள்.

உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் தண்ணீர் நின்றால், டெங்கு வருகிற காலம். டெங்குவில் ரத்தம் உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைகின்றன. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதற்கும் அதே காக்ஸ் நொதி வேண்டும். ஆஸ்பிரினோ இபுப்ரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ போட்டால் இருக்கிற கொஞ்சத் தட்டணுக்களும் சரியாக வேலை செய்யாது. ரத்தக் கசிவு வரலாம். அதனால் என்ன காய்ச்சல் என்று தெரியாதவரை இந்தக் குடும்பத்து மாத்திரைகள் வேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள். காய்ச்சலுக்கு, எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினைப் பிள்ளைகளுக்கு வைரஸ் காய்ச்சலில் கொடுக்கவே கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்குகிற ரேய் நோய் அபூர்வமாக வந்துவிடும். நிமெசுலைடு என்று இன்னொரு உறவுக்காரன் உண்டு. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அதைத் தரக் கூடாதென்று 2011-இலேயே நம் நாட்டில் தடை போட்டுவிட்டார்கள். ஈரலுக்கு ஆகாது என்பதுதான் காரணம்.

பயந்துவிட்டீர்களா? வேண்டாம். டைக்ளோஃபெனாக் நல்ல மருந்து. சரியான ஆளுக்கு, சரியான அளவில், கொஞ்ச நாளைக்கு என்றால் எத்தனையோ பேரை எழுந்து நடக்க வைக்கிறது. டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதினால் ஐந்து நாள். ஆறாம் நாளும் வலித்தால் திரும்ப டாக்டரிடம்தான் போக வேண்டும், மெடிக்கலுக்கு இல்லை.

கடைசியாக ஒரு துப்பறியும் வேலை தருகிறேன். கணக்கும் உண்டு, நோட்டை எடுங்கள்.

மாத்திரை அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கும். கொட்டை எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் சொந்தப் பெயர். ஜன் ஔஷதி கடையில் வாங்கினால் அந்தச் சொந்தப் பெயரே பெரிதாகப் போட்டிருக்கும்.

ஆயாவுக்கு டாக்டர் கொடுத்த அட்டையில் டைக்ளோஃபெனாக் 50 மில்லிகிராம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. வலி சரியாகக் கேட்கவில்லை என்று சித்தப்பா மெடிக்கலிலிருந்து வேறொரு அட்டை வாங்கி வருகிறார். நிறம் வேறு, பெயர் வேறு. “அது வேற மாத்திரை, இது வேற மாத்திரை” என்கிறார். அதையும் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று போடச் சொல்கிறார். நீங்கள் பொடி எழுத்தைப் படிக்கிறீர்கள்: டைக்ளோஃபெனாக் 50 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு டைக்ளோஃபெனாக் 150 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. வயதானவர்களுக்கு டாக்டர்கள் அதையும் குறைப்பார்கள். இப்போது ஆயாவின் வயிற்றுக்குள் ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் போகிறது? எத்தனை கூடுதல்?

போட்டுவிட்டீர்களா? 200. வரம்பை விட 50 அதிகம். சித்தப்பாவின் மேல் தப்பில்லை, பாவம். அவர் கொட்டை எழுத்தை மட்டும்தான் படித்தார்.

இனி உங்கள் வீட்டில் ஆயா, தாத்தா யாராவது டாக்டரிடம் கிளம்பும்போது ஒரு மஞ்சப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, மெடிக்கலில் வாங்கியது, நாட்டு மருந்து சூரணம், களிம்பு, பழைய ஓ.பி. சீட்டு, ஒன்று விடாமல் உள்ளே போடுங்கள். கூடவே போய், பையை டாக்டர் மேசையில் கொட்டி, “இதில் எதெல்லாம் சேர்த்துப் போடலாம், எதெல்லாம் கூடாது?” என்று நீங்களே கேளுங்கள். அவர் சொல்வதை அந்தந்த அட்டையின் மேல் பேனாவால் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள்.